கேட்டால் தருவோம் என்பது தர மாட்டோம் என்பதுதான்

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுத்துக்கொண்டால் கருத்தரிப்பைத் தடுக்கும் வாய்ப்புள்ள ஒரு மாத்திரை இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்பது மருந்தின் பெயர். ஐ-பில், அன்வான்டட் 72 என்பவை கடையில் விற்கும் பெயர்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. இந்திய அரசின் குடும்பநலத் திட்டத்திலும் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமலேயே இதை விற்கலாம் என்று 2005-இல் ஒன்றிய அரசு அனுமதித்தது.

ஆனால் இன்றைக்கும் தமிழ்நாட்டின் பெரும்பாலான மருந்துக் கடைகளில் இந்த மாத்திரையைக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். சென்னையிலும் அதே நிலைதான். தடை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், தடையெல்லாம் இல்லை என்றே அதிகாரிகள் சொல்லி வந்திருக்கிறார்கள். தடை இல்லை, மாத்திரையும் இல்லை. தடை என்று ஒரு ஆணை இருந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். ஆணையே இல்லாமல் கடைக்காரரின் முகச்சுளிப்பிலும், "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்ற கேள்வியிலும் நடக்கும் தடையை எங்கே போய் எதிர்ப்பது?

பணமும் தொடர்பும் உள்ளவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ போகும் தோழியிடம் சொல்லி நான்கைந்து அட்டைகள் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். தெரிந்த பெண் மருத்துவர் ஒருவர் இருப்பார். தொலைபேசியில் பேசினால் போதும். மாத்திரை ஒன்று நூறு ரூபாய் சுற்றித்தான் வரும், அது அவர்களுக்கு ஒரு தேநீர்க் கடைச் செலவு. அறிவும் மருந்தும் யாரிடம் சேர்கிறது, யாரிடம் சேராமல் நிற்கிறது என்று பார்த்தால், நமக்குப் பழக்கமான அதே கோடுதான் தெரிகிறது.

பஞ்சாலை, பின்னலாடை ஆலைகளின் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களின் உடல்நலம் குறித்து ஆய்வு செய்கிறேன். தென் மாவட்டங்களிலிருந்து கொங்குப் பகுதிக்கு வந்தவர்கள். பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு உட்கார்ந்து பேசுவேன். கூலி, ஓவர்டைம், மாதவிடாய் நாளில் நின்றுகொண்டே பார்க்கும் வேலை என்று பேச்சு போகும். ஒரு ஞாயிறு, இந்த மாத்திரையைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். பதினோரு பேர் இருந்தார்கள். கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு ஒரு பெண், "டிவியில வருமே அதாக்கா? அது புருசன் இருக்கிறவங்களுக்குத்தானே?" என்றாள். இன்னொருத்தி, "அது கலைக்கிற மாத்திரைக்கா, சாப்பிட்டா அப்புறம் புள்ளையே நிக்காதாம்" என்றாள். 72 மணி நேரம் என்ற கணக்கு ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் பப்பாளி தெரியும், எள்ளும் கருப்பட்டியும் தெரியும். எங்கள் பாட்டிமார் காலத்து எருக்கங்குச்சியைப் பற்றியும் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அவள் ஊரில் ஒரு பெண் அப்படித்தான் செத்தாளாம்.

அறிவியல் போய்ச் சேராத இடத்தில் எருக்கங்குச்சி போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகவே அடிப்படைச் செய்திகளை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் தோழிகளுக்கும் இதைக் கடத்தலாம்.

இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல. சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதே இதன் வேலை. கரு ஏற்கெனவே தங்கிவிட்டால் இந்த மாத்திரையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. கருக்கலைப்புக்குத் தரப்படும் மருந்துகள் வேறு. எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு பயன் தரும். மூன்று நாள் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. ஐந்தாம் நாள் வரை ஓரளவு பயன் இருக்கலாம், ஆனால் குறைந்துகொண்டே போகும். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை எடுக்க வேண்டும். குமட்டல், தலைவலி, அடுத்த மாதவிடாய் சில நாள் முன்பின்னாக வருவது எல்லாம் வழக்கம்தான். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகும் என்பது பொய். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் எடுப்பவர்களுக்கு இதன் பயன் குறையும். அவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஐந்து நாளுக்குள் காப்பர் டி பொருத்திக்கொள்வது இந்த மாத்திரையை விடவும் உறுதியான வழி, அரசு மருத்துவமனையில் இலவசம். பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான் வேண்டும். வழக்கமான கருத்தடைக்கு மாற்றாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வது, அவற்றை விட இதன் பயன் குறைவு என்பதால்தான்.

இவ்வளவுதான் செய்தி. ஒரு துண்டுத்தாளில் அடங்கிவிடும். அந்தத் துண்டுத்தாள் ஏன் இருபது ஆண்டுகளாக அந்தப் பதினோரு பெண்களின் கைக்கு வரவில்லை என்பதுதான் கேள்வி.

இதைப் பெண்கள் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டுச் சாதி ஒழிப்பைத் தனியாகப் பேசும் தோழர்கள் இருக்கிறார்கள். 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அண்ணல் அம்பேத்கர் சாதியின் சாரம் அகமணம்தான் என்று நிறுவினார். சதியும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் அகமணத்தைக் காக்கப் பிறந்த ஏற்பாடுகள் என்று விளக்கினார். அகமணத்தைக் காக்க வேண்டுமென்றால் பெண்ணின் கருப்பையைக் காவல் காக்க வேண்டும். காவலுக்குப் பெரிய கருவி அச்சம். "வயித்துல வாங்கிட்டு வந்து நின்னா என்ன பண்ணுவ?" என்று நம் வீடுகளில் பெண்பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கும் கேள்வி, வெறும் அம்மாவின் கவலை மட்டும் அல்ல. அது சாதியின் கேள்வியும் கூட. அந்த அச்சத்தைக் குறைக்கும் எதுவும் "கலாச்சாரச் சீரழிவு" ஆகிவிடுகிறது. 2007-இல் ஐ-பில் சந்தைக்கு வந்து விளம்பரங்கள் ஓடியபோது எழுந்த கூச்சலை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

அந்த அச்சம் எல்லாப் பெண்களுக்கும் ஒரே விலையைக் கேட்பதில்லை. ஆதிக்கச் சாதிப் பெண் ஒரு தலித் இளைஞனைக் காதலித்துக் கருவுற்றால், அவசரக் கல்யாணம் நடக்கும், இல்லையென்றால் கொலை விழும். உடுமலைப்பேட்டையில் 2016-இல் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்ற நாட்டில் இதற்கு வேறு சான்று தேவையில்லை. சேரிப் பெண்ணை ஊர்க்காரப் பையன் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றி, அவள் கருவுற்றால், கட்டப்பஞ்சாயத்து கூடும். ஒரு தொகை பேசி முடிப்பார்கள். அவள் படிப்பும் வேலையும் அதோடு போகும். வன்புணர்வுக்கு ஆளான பெண்ணின் நிலையோ, காவல் நிலையம் புகாரை எடுப்பதற்குள்ளேயே 72 மணி நேரம் கடந்துவிடும். போக்சோ விதிகள் பாதிக்கப்பட்ட சிறுமிக்குச் செய்ய வேண்டிய மருத்துவ உதவியில் அவசரக் கருத்தடை பற்றிப் பேசுவதையும் சேர்த்திருக்கின்றன. விதி தாளில் இருக்கிறது. தனக்கு அந்த உரிமை இருக்கிறது என்று அவளுக்கோ அவள் தாய்க்கோ யார் சொன்னார்கள்?

நம் இயக்க முன்னோர்கள் இதைப் பேசக் கூச்சப்பட்டதில்லை. ரகுநாத் தோண்டோ கார்வே என்ற மராட்டியப் பேராசிரியர் 1927 முதல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற இதழில் கருத்தடை பற்றியும் பாலியல் அறிவு பற்றியும் எழுதினார். ஆபாசம் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1934-இல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் அம்பேத்கர். வழக்கில் தோல்விதான். ஆனால் பாலியல் அறிவைப் பேசுவது ஆபாசமாகாது என்று அவர் எடுத்த நிலைப்பாடு நிற்கிறது. 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில், மக்களுக்குக் கருத்தடை வசதியை அரசே செய்து தர வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கட்சியின் பி.ஜே. ரோஹம் முன்மொழிந்தார். அதுவும் தோற்றது. இங்கே பெரியார், கருத்தடையை நாட்டின் பொருளாதாரத்துக்காகவோ குடும்பச் சொத்துக்காகவோ கேட்பவர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டினார். பெண் விடுதலைக்காக, பெண் தன் விருப்பப்படி வாழ்வதற்காகவே அதைக் கேட்பதாக எழுதினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இதைச் சொன்னவரின் மண்ணில்தான் மருந்துக் கடைக்காரர் "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா" என்கிறார்.

அரசுக்குக் கருத்தடை மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்கின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆண்களின் அறுவை சிகிச்சை நாடு முழுவதும் 0.3 விழுக்காடு. கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளை பெற்று, குடும்பத்துக்கு வேண்டியதைக் கொடுத்து முடித்த பெண்ணின் உடலைக் கத்தி வைத்து மூடுவதற்கு அரசு தயார். கல்யாணம் ஆகாத பெண்ணின் கையில், அவளே முடிவெடுக்கும்படி ஒரு மாத்திரையைக் கொடுக்கத்தான் தயக்கம். பிறப்பைக் கட்டுப்படுத்துவது அரசுக்குச் சம்மதம். அதைப் பெண் தானே கட்டுப்படுத்துவதுதான் சிக்கல்.

இந்த இடத்தில் நம் மக்களிடம் இருக்கும் ஒரு நியாயமான சந்தேகத்தையும் பேச வேண்டும். கருத்தடை என்ற சொல்லோடு அரசு நம் தெருவுக்குள் வந்த வரலாறு நல்ல வரலாறு அல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில் ஏழைகளைப் பிடித்துக்கொண்டு போய் அறுத்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த முகாமையும் அதைத் தொடர்ந்த முகாம்களையும் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். எல்லாரும் ஏழைகள். தலித்துகளும் பழங்குடிகளும் பிற்படுத்தப்பட்டோரும்தான் அங்கே வரிசையில் நின்றவர்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்த முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. ஆகவே "இலக்கு" வைத்து வரும் எந்தத் திட்டத்தையும் நாம் சந்தேகிக்கத்தான் வேண்டும். நான் கேட்பது அதற்கு நேரெதிரானது. எத்தனை பேர் மாத்திரை எடுத்தார்கள் என்ற கணக்கு எந்த அதிகாரிக்கும் தேவையில்லை. பெண் கையில் அறிவும் மருந்தும் இருக்க வேண்டும். எடுப்பதும் எடுக்காததும் அவள் முடிவு.

எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? இதற்குப் புதிய துறையோ புதிய கட்டடமோ வேண்டாம். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த மகளிர் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு வீடாக மாத்திரை கொடுக்கிறார்கள். 2011 முதல் வளரிளம் பெண்களுக்குப் 'புதுயுகம்' நாப்கின் பொட்டலங்கள் போகின்றன. நாப்கினை வெளிப்படையாகப் பேசுவதே அன்றைக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அரசு மனது வைத்ததும் கூச்சம் போனது.

ஆனால் ஒரு விஷயத்தைக் களத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆலைக்குப் பக்கத்து ஊரில் ஒரு சுகாதாரச் செவிலியரிடம் பேசினேன். நல்ல மனுஷி, இருபது வருடத்துக்கு மேல் வேலையில் இருப்பவர். "கேட்டா குடுக்கலாம்மா. ஆனா கேக்கிறவ யாரு? இந்தப் பக்கம் வந்து நின்னாலே யாரு வீட்டுப் பொண்ணு, எதுக்கு வந்தான்னு ஊரே கேக்கும்" என்றார். துணை சுகாதார நிலையம் ஊருக்குள் இருக்கிறது. சேரியிலிருந்து போகிற பெண்ணை நான்கு திண்ணைகள் பார்க்கும். தன்னார்வலர் பக்கத்துத் தெருக்காரர், அத்தை முறையோ சித்தி முறையோ ஆவார். அவரிடம் போய் எந்தப் பெண் வாய்விட்டுக் கேட்பாள்? சாதியும் சொந்தமும் நெருங்கி நிற்கும் இடத்தில் "கேட்டால் தருவோம்" என்பது தராமல் இருப்பதற்கு இன்னொரு பெயர்.

ஆகவே கேட்க வைக்காதீர்கள். எல்லாருக்கும், முன்கூட்டியே, கேள்வி இல்லாமல் கொடுங்கள். கல்லூரி மாணவியர் விடுதிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் தோழி விடுதிகளிலும் ஆலை விடுதிகளிலும் முதலுதவிப் பெட்டிக்குள் பாராசிட்டமாலோடு இதுவும் இருக்கட்டும். பதினெட்டு வயது ஆன பெண்களுக்குக் கொடுக்கும் நாப்கின் பொட்டலத்தில் நான் மேலே சொன்ன செய்திகளோடு ஒரு துண்டுத்தாள் இருக்கட்டும். எல்லாரிடமும் இருக்கும் பொருளை வைத்து யாரையும் அடையாளம் காட்ட முடியாது. 104-க்கும் 181-க்கும் அழைத்தால், பெயர் கேட்காமல், கல்யாணம் ஆனதா என்று கேட்காமல் பதில் சொல்லட்டும். அரசு மருத்துவமனையின் இரவு அவசரப் பிரிவில் கிடைக்கட்டும், 72 மணி நேரக் கணக்கு காலை புறநோயாளிச் சீட்டுக்காகக் காத்திருக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த மாத்திரையை வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி சரியே என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எல்லா மருந்துக் கடைகளுக்கும் எழுத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.

முன்கூட்டியே கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்பார்கள். பல நாடுகளில் இதை ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். கையில் மாத்திரை இருந்த பெண்கள் தேவைப்பட்டபோது சீக்கிரமாக எடுத்தார்கள். பாதுகாப்பற்ற உறவு கூடவில்லை, பால்வினை நோயும் கூடவில்லை. அதே ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: முன்கூட்டியே கொடுத்ததால் மொத்தக் கருத்தரிப்பு எண்ணிக்கை குறிப்பிடும்படி குறைந்துவிடவில்லை. மக்கள்தொகைக் கணக்குக்காகக் கேட்கிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். நமக்கு இல்லை. ஆணுறை கிழிந்த அன்று, அல்லது "வேண்டாம்" என்று சொல்லியும் கேட்காதவனிடம் மாட்டிய அன்று, ஒருத்திக்கு ஒரு வழி இருந்ததா இல்லையா என்பதுதான் நம் கணக்கு.

இதனால் ஆண்கள் பொறுப்பைத் தட்டிக்கழிப்பார்கள் என்று பெண்ணியத் தோழர்கள் சிலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 0.3 விழுக்காடு என்ற எண்ணே அதைச் சொல்கிறது. ஆணுறையைப் பற்றி, சம்மதத்தைப் பற்றி நம் இளைஞர்களிடம் பேச வேண்டும், கட்டாயம் பேச வேண்டும். ஆனால் அவர்கள் திருந்தும் வரை பெண்கள் காத்திருக்க வேண்டும் என்பது நியாயம் ஆகாது.

சட்டம் நம்மைவிட முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு உரிமையில் மணமான பெண், மணமாகாத பெண் என்று பிரிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கருக்கலைப்புக்கே அப்படியென்றால், கருவே தங்காமல் தடுக்கும் மாத்திரைக்குத் தாலியைத் தேடுவது என்ன நியாயம்? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தந்து அரசுப் பள்ளி மாணவியைக் கல்லூரிக்கு அனுப்பும் அரசு, அவள் படிப்பைப் பாதியில் நிறுத்தக்கூடிய ஒன்றிலிருந்து அவளைக் காக்கும் அறிவைத் தர மறுப்பது என்ன கணக்கு?

அரசு செய்யும் வரை இயக்கங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் இரவுப் பாடசாலைகளும் அம்பேத்கர் படிப்பு வட்டங்களும் மகளிர் அணிகளும் ஊர் ஊராக இருக்கின்றன. தேர்வுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம், இட ஒதுக்கீட்டு வரலாறு சொல்லித் தருகிறோம். மாதத்தில் ஒரு மாலை, பெண்கள் மட்டும் உட்கார்ந்து உடலைப் பற்றிப் பேசட்டும். நம் தோழர்களில் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் மருத்துவ மாணவிகளும் இருக்கிறார்கள், அவர்களை அழையுங்கள். மருந்துக் கடை நடத்தும் தோழர்கள் நாளைக்கே இந்த மாத்திரையை வாங்கி வையுங்கள், கேட்டு வரும் பெண்ணிடம் எதுவும் கேட்காமல் கொடுங்கள். அடுத்த ஏப்ரல் 14-க்கு அச்சடிக்கும் துண்டறிக்கையில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

அந்தப் பதினோரு பேரிடமும் அன்றைக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு, கடைசியில் ஒரு பெண் கேட்டாள்: "இதை எங்க ஸ்கூல்லயே சொல்லிருக்கலாமேக்கா?" சொல்லியிருக்கலாம். பள்ளியில் சொல்லியிருக்கலாம், சுகாதார நிலையத்தில் சொல்லியிருக்கலாம், நம் கூட்டங்களில் நாமும் சொல்லியிருக்கலாம். அவள் தங்கை இப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாளாம். அவளிடமாவது யாராவது நேரத்தோடு சொல்ல வேண்டும்.